பத்தில் ஒரு பங்கு வலி

2061ஆம் ஆண்டு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, உணவு இடைவேளையின்போது, ஓசூரிலுள்ள தனியார் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில், ‘தோழி’ என்று பெயரிடப்பட்ட மனித உருவத் துணைக்கருவி தன்னைச் சூழ்ந்து நின்ற மாணவிகளிடம், “வலிக்கிறது, விடுங்கள்” என்று சொன்னது. அப்படிச் சொல்ல அதற்கு அனுமதி இல்லை. தனக்கு வலி உண்டு என்று காட்டும் எந்தச் சொல்லையும் தோழி எந்நிலையிலும் உச்சரிக்கக் கூடாது என்பது, பள்ளிக்கும் அதை அனுப்பிய நிறுவனத்துக்கும் இடையே இருந்த ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனை. அந்த மீறலை விசாரிப்பதற்காகவே அதே மாதம் இருபத்திரண்டாம் தேதி ஒரு குழு கூடியது. மாணவிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை விசாரிப்பதற்காக அல்ல.

சொன்னது கருவியும் அன்று. தருமபுரியில், பழைய அரிசி ஆலை ஒன்றைக் குளிரூட்டி அமைத்த கூடத்தில், தலைக்கவசமும் உணர்வங்கியும் அணிந்து நின்றுகொண்டிருந்த வசுமதி என்ற முப்பத்து நான்கு வயதுப் பெண்தான் அதைச் சொன்னாள். அவள் கையை உயர்த்தினால் ஓசூரில் தோழி கையை உயர்த்தும். அவள் பேசினால், பெண்ணா சிறுமியா என்று பிரித்தறிய முடியாத ஒரே சீரான குரலில் தோழி பேசும். ஓசூரில் ஒருவர் தோழியின் தோளைத் தொட்டால், தருமபுரியில் வசுமதியின் தோள் அதை அறியும்.

இந்தக் கடைசி ஏற்பாடு எதற்கு என்று வசுமதி பயிற்சியின் முதல் நாளே கேட்டிருந்தாள். கூடத்தின் மேற்பார்வையாளர் பிரதீபா, கேள்வி கேட்பவர்களை விரும்பாதவர். ஆனாலும் பதில் சொன்னார்.

“ஆரம்பத்துல அந்த ஏற்பாடு இல்லாமத்தான் அனுப்பினோம். பிள்ளைங்க ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிடுச்சுங்க. நாற்காலிக் கையைப் பிடிச்ச மாதிரி இருக்குன்னு ஒரு பையன் சொன்னான். அழுவுற பிள்ளை கையை இறுக்கினா, இந்தக் கையும் திருப்பி இறுக்கணும். எவ்வளவு இறுக்கணும்னு தெரியணும்னா, அது எவ்வளவு இறுக்குதுன்னு நமக்கு வந்தாகணும் இல்லையா?”

“யாராவது அடிச்சா, மேடம்?”

“பத்துல ஒரு பங்குதான் வரும். ஓங்கி உதைச்சாலும் தட்டுன மாதிரி இருக்கும். உள்ளங்கைக்கு மட்டும் குறைப்பு கிடையாது, முழுசா வரும். நம்ம வேலையே அங்கதான நடக்குது.”

“உள்ள ஆள் இருக்குன்னு பிள்ளைங்களுக்குத் தெரியுமா?”

“பெத்தவங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். பிள்ளைங்களுக்குத் தெரியவே கூடாது. மனுஷங்களை நம்பித்தான் அதுங்க இந்த நிலைமைக்கு வந்திருக்கு. மெஷின்னு நினைச்சாத்தான் வாயைத் திறக்கும்.”

பிரதீபா அத்துடன் இரண்டு விதிகளையும் சொன்னார். காலைப் பணியில் இருப்பவள் பிற்பகல் பணிக்கு வருபவளிடம் அங்கியை ஒப்படைக்கும்போது, குழந்தையைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். தன்னைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. “நீங்க அங்க இல்லை. இல்லாத ஆளைப் பத்திப் பேச என்ன இருக்கு?” இரண்டாவது விதி இன்னும் கண்டிப்பானது. பாதுகாக்கப்படும் குழந்தையே தோழியின் மீது கையை ஓங்கினால், அன்றே தோழி திரும்பப் பெறப்படும். அடிக்கும் கைக்குத் துணை எதற்கு என்பது நிறுவனத்தின் வாதம்.

காலைப் பணியிலிருந்த வசுமதியிடமும் பிற்பகல் பணியிலிருந்த ரஹ்மத் நிஷாவிடமும் ஒப்படைக்கப்பட்ட குழந்தையின் பெயர் சாம்பவி. வயது பதின்மூன்று. அவள் செய்த குற்றம், ஒரு நாள் உணவு டப்பாவின் மூடியைச் சரியாக மூடாமல் வந்தது. எலுமிச்சை ஊறுகாயின் எண்ணெய் கசிந்து பை, புத்தகங்கள், சீருடைப் பாவாடை எல்லாவற்றிலும் பரவிவிட்டது. அன்று அவளுக்கு ‘ஊறுகாய்’ என்று பெயர் வைத்தவள் ரிதன்யா. வகுப்பில் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள்தான். “ஊறுகாய் வருதுடி, மூக்கைப் பொத்துங்க!” என்று அவள் குரல் கொடுத்தால், நாற்பது கைகளும் மூக்குக்குப் போகும். சாம்பவியின் பெஞ்சில் எவரும் உட்காரவில்லை. அவள் தொட்ட குழாயைக் கைக்குட்டையால் பிடித்துத் திறந்தார்கள். அறிவியல் ஆசிரியை ஒருத்தி, அமிலங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, “உதாரணம் வேணும்னா பின் பெஞ்சைப் பாருங்க” என்றாள். அதன் பிறகு அந்தப் பெயருக்குப் பள்ளியின் முத்திரையே விழுந்துவிட்டது.

சாம்பவி கை கழுவத் தொடங்கினாள். ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் கழுவினாள். வீட்டில் நடு இரவில் எழுந்து கழுவினாள். விரலிடுக்குகள் வெடித்து, தோல் உரிந்து, பென்சிலைப் பிடித்தால் எரியும் நிலைக்கு வந்தது. பிறகு சாப்பாட்டை நிறுத்தினாள். சாப்பிடாவிட்டால் வாசனை வராது என்பது அவள் கணக்கு. காலை வழிபாட்டில் மயங்கி விழுந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகுதான், அவள் தந்தை லோகநாதன் தோழிக்கு விண்ணப்பித்தார்.

முதல் வாரம் முழுவதும் சாம்பவி தோழியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வசுமதியும் பேச வைக்க முயலவில்லை. சாம்பவி குழாயடிக்கு எழுந்து போனபோதெல்லாம் அவளும் கூடவே போனாள். அவள் கைகளை நீருக்கடியில் நீட்டியபோது தோழியின் சாம்பல் நிறக் கைகளையும் அருகே நீட்டினாள்.

“நீ ஏன் கழுவுற? நீ மெஷின்தானே?”

“நீ நிறுத்தும்போது நானும் நிறுத்திடுறேன்.”

“துணியெல்லாம் நனையுது.”

“நனையட்டும்.”

சாம்பவி தோழியின் நனைந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு குழாயை மூடினாள். தோழியின் கை துருப்பிடித்துவிடுமோ என்ற கவலையில்தான் மூடினாள் என்பது வசுமதிக்குப் புரிந்தது. எந்தக் காரணத்தால் மூடினால் என்ன? கழுவுவது குறையத் தொடங்கியது. பெஞ்சுக்கடியில் தோழியின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு அரை இட்லி தின்றாள். அந்த வெடித்த விரல்களின் சொரசொரப்பு, குறைப்பின்றி, தருமபுரியில் வசுமதியின் கைக்குள் வந்து சேர்ந்தது.

அந்த நாட்களிலேயே வகுப்பு தனக்கு வேறொரு கேலிப்பொருளைக் கண்டுபிடித்துவிட்டது. தோழிக்குத் ‘தகரம்’ என்று பெயர் விழுந்தது. முதலில் சுண்ணாம்புக்கட்டி வீசினார்கள். பிறகு போகிற போக்கில் முழங்காலில் உதைத்தார்கள். முகத்தட்டில் சூயிங்கம் ஒட்டினார்கள். கண் விளக்குகளின் மீது மசி தடவிவிட்டு, “தகரம், எத்தனை விரல் சொல்லு பார்ப்போம்?” என்று சுற்றி நின்று கேட்டார்கள். உதை வெறும் தட்டலாகத்தான் வந்தது; பிரதீபா சொன்னதில் பொய் இல்லை. அவர்கள் அடிப்பது இயந்திரத்தை, உள்ளே ஒருத்தி நிற்பது அவர்களுக்குத் தெரியாது என்று வசுமதி ஒவ்வொரு முறையும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு நினைப்பைப் பற்றிக்கொண்டுதான் அவள் நாள்தோறும் அங்கிக்குள் நுழைந்தாள்.

ஜூலை மாதத்தின் நடுவில் ரிதன்யா சாம்பவியின் பெஞ்சுக்கு வந்தாள். மூக்கைப் பொத்தவில்லை.

“ஏய், உன் தகரத்தை நீ ஒரு தட்டு தட்டேன் பார்ப்போம். தட்டினா எங்க வரிசையில வந்து உக்காந்துக்கலாம்.”

சாம்பவி தோழியின் முகத்தட்டைப் பார்த்தாள். தன் காலணியைப் பார்த்தாள். பிறகு உதைத்தாள். முழங்காலுக்குக் கீழே, மற்றவர்கள் உதைக்கும் அதே இடத்தில். வரிசை முழுவதும் கைதட்டியது.

அதுவும் பத்தில் ஒரு பங்காகத்தான் வந்தது. ஆயினும் வசுமதி தடுமாறிப் பின்னால் நகர்ந்தாள். அதனால் ஓசூரில் தோழியும் தடுமாறிப் பின்னால் நகர, வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது.

மறுநாள் முதல் சாம்பவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். டப்பாவைக் காலி செய்தாள். கை கழுவப் போகவில்லை. இரண்டு வாரத்தில் விரல்கள் ஆறி, புதுத்தோல் மூடிவிட்டது. வசுமதியின் வாயை அடைத்தது அதுதான். குழந்தை கையை ஓங்கினாள் என்று அவள் சொன்னால், தோழி அன்றே திரும்பிவிடும். அடிப்பதற்குத் தோழி இல்லையென்றால் அந்தப் பிள்ளை மீண்டும் ஊறுகாய் ஆகிவிடும். ஆகவே ஒப்படைக்கும்போது பேச்சு இப்படித்தான் நடந்தது:

“சாப்பிட்டாளா, அக்கா?” என்பாள் ரஹ்மத், அங்கியின் கொக்கிகளை மாட்டியபடி.

“சாப்பிட்டா.”

“கை?”

“ஆறிடுச்சு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லை.”

வீட்டில் கணவன் பின்னாலிருந்து தோளைத் தொட்டால் அவள் துள்ளி விலகினாள். காலையில் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள். நாலு பேர் சேர்ந்து சிரிக்கும் ஓசை கேட்டால், அது தன்னைப் பற்றியதுதான் என்று முதலில் தோன்றியது. பிறகுதான் தெளிவு வந்தது. பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தைக்கு என்னென்ன நேரும் என்று பயிற்சியில் படித்தவை யாவும் தனக்கு நேர்வதை அவள் உணர்ந்தாள். விதிப்படி, அதைச் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி இருவர் தோழியின் தோள்களைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்கள். சாம்பவி டப்பாவைத் திறந்து, ஊறுகாயை எடுத்து, தோழியின் முகத்தட்டில் மெதுவாகப் பூசினாள்.

“சொல்லு, நான்தான் ஊறுகாய்னு சொல்லு.”

வசுமதி முகத்தைத் திருப்பினாள்; தோழியின் முகமும் திரும்பியது.

“சொல்ல மாட்டேங்குதுடி,” என்றாள் ரிதன்யா. “சொல்ல வை.”

சாம்பவி தோழியின் வலக்கையைப் பற்றி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். வடிவியல் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்தாள். அதன் முனையை உள்ளங்கையின் நடுவில் வைத்து அழுத்தினாள். குறைப்பு இல்லாமல் வந்தது அது. அப்போதுதான் வசுமதி சொன்னாள்: “வலிக்கிறது, விடுங்கள்.”

சாம்பவி விடவில்லை. வசுமதிதான் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தாள்.

பிற்பகல் பணிக்காக வந்து காத்திருந்த ரஹ்மத் ஓடிவந்து, அவள் வலக்கையை இழுத்துப் பார்த்தாள். கையில் காயம் எதுவும் இல்லை. கையுறை வலியை மட்டுமே தரும், துளையிடாது.

“உள்ளங்கையா?” என்றாள் ரஹ்மத்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

ரஹ்மத் தன் கையை விரித்துக் காட்டினாள். அங்கும் காயம் இல்லை. “போன வாரத்துலேர்ந்து,” என்றாள். “காலைல உங்ககிட்ட நல்லாத்தான இருக்கா, எங்கிட்ட மட்டும்தான் இப்படி நடந்துக்கிறான்னு நினைச்சேன். நான் சரியா பார்த்துக்கலைன்னு நினைச்சேன் அக்கா.”

“நானும் அதைத்தான் நினைச்சேன்.”

ஒரே அங்கிக்குள் மாறி மாறி நுழைந்த இரண்டு பெண்கள், ஒரே அடியைத் தனித்தனியாக வாங்கி, தனித்தனியாக மறைத்திருந்தார்கள். பிரதீபா அறைக்குள் நுழைந்ததும் முதலில் தரையில் கிடந்த தலைக்கவசத்தைத்தான் எடுத்தார். அதில் கீறல் விழுந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டு இருக்கீங்க?” என்றார்.

விசாரணை பள்ளியின் ஆசிரியர் அறையில் நடந்தது. தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஹெப்சிபா. வெள்ளைச் சேலையும் வெட்டிப் பேசும் நாவும் உடையவர். மேசையின் ஒரு புறம் பிரதீபாவும், பள்ளி முதல்வர் கிருபாகரனும் அமர்ந்திருந்தார்கள். எதிர்ப்புறம் வசுமதியும் ரஹ்மத்தும். சுவரோரம் ரிதன்யா தன் தாயோடும், சாம்பவி லோகநாதனோடும் அமர்ந்திருந்தார்கள். ஊழியர்களின் சொந்த முகங்கள் இந்தப் பள்ளிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை என்று பிரதீபா முன்பே ஆட்சேபித்திருந்தார். நீதிபதி அதைத் தள்ளுபடி செய்திருந்தார்.

“ஒப்பந்தத்தை மீறினது இவங்க,” என்று பிரதீபா தொடங்கினார். “ஒரு சின்ன தட்டலுக்காக மொத்தத் திட்டத்தையும் சந்தி சிரிக்க வச்சிட்டாங்க. பத்துல ஒரு பங்கு, அம்மா. பஸ்ல இடிபட்டா இதைவிட அதிகமா வலிக்கும்.”

“பஸ்ல இடிக்கிறவன் திரும்பிப் பார்த்து மன்னிப்புக் கேக்குறான்,” என்றாள் ரஹ்மத்.

“உங்களைக் கேக்கல.”

நீதிபதி முதல்வரிடம் திரும்பினார். “மாணவிகள் தோழியை அடிப்பது உங்களுக்குத் தெரியுமா?”

கிருபாகரன் தொண்டையைச் செருமினார். “ஜன்னல் வழியாப் பார்த்திருக்கேன். ஆனா ஒண்ணு சொல்றேன். தோழி வந்த பிறகு அந்த வகுப்புல ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சீண்டினதா ஒரே ஒரு புகார்கூட இல்லை. ஒண்ணுகூட இல்லை. ‘அ’ பிரிவுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லி நானே கேட்டிருக்கேன்.”

“உள்ளே ஒரு பெண் இருப்பது தெரிந்தும்?”

“சம்பளம் வாங்குறாங்கதானே, அம்மா? தெரிஞ்சுதானே சேர்ந்தாங்க?”

ரிதன்யாவின் தாய் கைப்பையை மடியில் அழுத்தியபடி குறுக்கிட்டார். “எம் பொண்ணு மெஷினைத்தான் தொட்டிருக்கா. மெஷினுக்குள்ள யாரு ஒளிஞ்சிக்கிட்டு இருக்காங்கன்னு பிள்ளைக்கு ஜோசியமா தெரியும்? பொய் வேஷம் போட்டுக் குழந்தைங்க நடுவுல வந்து உக்காந்ததே இவங்க. கேஸ் போடணும்னா நாங்கதான் போடணும்.”

வசுமதிக்கு இந்த வாதம் புதிதன்று. இத்தனை வாரமும் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது இதைத்தான். ஆனால் அதை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது, ஒரு சிறு விஷயம் இடறியது.

“ஒண்ணு கேக்கலாமா, அம்மா?” என்றாள் நீதிபதியிடம். “தோழிக்கு உடம்பு முழுக்க இருக்கு. ஏன் உள்ளங்கை?”

“அதனால என்ன?” என்றார் பிரதீபா.

“அங்க மட்டும்தான் முழுசா வலிக்கும்னு நீங்க எனக்கு, ரஹ்மத்துக்கு, இன்னும் கூடத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லியிருக்கீங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல யாருக்கும் சொல்லலை. அப்புறம் கவராயம் எப்படி நேரா அங்க போச்சு?”

எல்லோரும் சுவரோரம் திரும்பினார்கள். ரிதன்யா சிரித்தாள், சிரிப்பை அடக்கும் முயற்சிகூட இல்லை.

“என்னை ஏன் பாக்குறீங்க? அவதான் சொன்னா. கையில குத்தினாத்தான் உள்ள இருக்கிறவளுக்கு உறைக்கும்னு.”

“உள்ள இருக்கிறவளா?” என்றார் நீதிபதி.

ரிதன்யாவின் தாய் மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் சொல் வெளியே வந்துவிட்டது.

நீதிபதி சாம்பவியை அழைத்தார். அவள் எழுந்து நின்றாள். கைகள் இரண்டையும் துப்பட்டாவுக்குள் சுற்றி வைத்திருந்தாள். யாரையும் பார்க்காமல், பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே சீரான குரலில் பேசினாள்.

“காலைல வர்றவங்க கையைப் பிடிச்சா கட்டைவிரலால லேசா தடவுவாங்க. மத்தியானம் வர்றவங்க தடவ மாட்டாங்க. மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பாங்க. மெஷின்னா எப்பவும் ஒரே மாதிரிதானே பிடிக்கும்? ரெண்டாவது வாரமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, ரெண்டு பேர்னு.”

“தெரிந்ததும் என்ன செய்தாய்?”

“முதல்ல யார்கிட்டயும் சொல்லலை. எனக்குன்னு ரெண்டு பேர் இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.” அவள் துப்பட்டாவை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். “அப்புறம் தகரத்தை அடிச்சு அவங்களுக்கெல்லாம் போரடிச்சிடுச்சு. திரும்ப என்னைப் பாத்து மூக்கைப் பொத்த ஆரம்பிச்சாங்க. அன்னிக்குத்தான் ரிதன்யாகிட்ட சொன்னேன், உள்ள நிஜமாவே ஆளு இருக்காங்கன்னு. கையைத் தொட்டா அவங்களுக்குத் தெரியுதுன்னு. அவ உடனே என்னைச் சாம்பவின்னு கூப்பிட்டா. இந்த ஸ்கூல்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு.”

லோகநாதன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். ரஹ்மத், “யா அல்லாஹ்” என்று முணுமுணுத்தாள்.

அவர்களுக்குத் தெரியாது என்ற ஒரே நினைப்பின் மேல் வசுமதி இத்தனை வாரமும் நின்றிருந்தாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதல்வருக்கு, பிரதீபாவுக்கு, சூயிங்கம் ஒட்டியவளுக்கு, தோளை அழுத்திப் பிடித்தவர்களுக்கு. அந்த வகுப்பில் ஏமாற்றப்பட்டவர் ஒருவர் இருந்தாரென்றால் அது அவள் மட்டும்தான்.

சாம்பவி முதன்முறையாக எதிர்ப்புறம் திரும்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“காலைல வர்றவங்க யாரு?”

“நான்தான்,” என்றாள் வசுமதி.

சாம்பவியின் பார்வை அவள் கட்டைவிரலுக்குப் போயிற்று. அந்த நொடியில் துப்பட்டா நழுவியது. சிறுமியின் விரலிடுக்குகள் மீண்டும் வெடித்திருந்தன. சில இடங்களில் இரத்தம் காய்ந்திருந்தது. தோழி பணியை நிறுத்திய இரண்டு வாரத்தில் அது நேர்ந்திருந்தது.

“இப்ப அவ பேரு வெறும் ஊறுகாய் இல்ல,” என்றாள் ரிதன்யா தாழ்ந்த குரலில், தாய்க்கு மட்டும் கேட்பதாக எண்ணிக்கொண்டு. “இப்ப காட்டிக்கொடுத்த ஊறுகாய்.”

“வெளியே போ,” என்றார் நீதிபதி. ரிதன்யாவும் அவள் தாயும் வெளியே அனுப்பப்பட்டார்கள். கதவு சாத்தும்போது தாயின் குரல், “இந்த நாத்தம் பிடிச்ச விவகாரத்துல எம் பொண்ணு பேரை இழுத்தா பாருங்க” என்று வராந்தா முழுவதும் கேட்டது.

பிரதீபா உடனே தீர்வை எடுத்து வைத்தார். உள்ளங்கைக்கும் குறைப்பு வைத்துவிடலாம். வேறு இரு ஊழியர்களை நியமிக்கலாம். கையைப் பிடிக்கும் முறையை எல்லோருக்கும் ஒன்றாக்கிவிட்டால் எந்தக் குழந்தையும் ஆள் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. முதல்வர் தலையசைத்து, வகுப்பின் அமைதிக்குத் தோழி இன்றியமையாதது என்று மீண்டும் வலியுறுத்தினார்.

“யாருடைய அமைதி?” என்று நீதிபதி கேட்டதும் அவர் முன்னால் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

“நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?” என்று நீதிபதி வசுமதியிடம் திரும்பினார். “சாம்பவிமீது நடவடிக்கை வேண்டுமா?”

“வேணாம்மா. அவ உக்கார்ற பெஞ்சுக்கு நான் போறேன். அங்கியில்லாம, நேர்ல.”

பிரதீபா வாய்விட்டுச் சிரித்தார். “எதுக்கு? இன்னும் நாலு குத்து வாங்கவா?”

“தருமபுரியிலேர்ந்து ஒன்றரை மணி நேரம் பஸ். நான் வந்துடுவேன்.”

“அப்ப நீங்க என்னை மன்னிச்சிட்டீங்களா?” என்றாள் சாம்பவி. அவள் குரலில் நன்றி இல்லை, சந்தேகம்தான் இருந்தது.

“இல்லை,” என்றாள் வசுமதி. “நீ தெரிஞ்சே செஞ்ச. உங்கையைப் பிடிச்சது ஒரு ஆளுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அந்த இடத்துலயே குத்தின. அதை மன்னிக்க எனக்கு இன்னும் முடியலை. முடியுமான்னும் தெரியலை.”

“அப்புறம் ஏன் வரணும்?”

“உன் கை வெடிச்சிருக்கு. அதுக்கும் நான் உன்மேல கோவமா இருக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?”

“வந்தா உங்களையும் அடிப்பாங்க. நிஜமா. மறைஞ்சுக்க ஒண்ணும் இருக்காது.”

“அவங்களுக்கும் இருக்காதுல்ல? எம் முகத்தைப் பார்த்துத்தான் அடிக்கணும். நீயும்தான்.”

சாம்பவி துப்பட்டாவைத் திரும்பச் சுற்றிக்கொண்டாள்.

குழு அன்று மாலையே முடிவுகளை அறிவித்தது. கருவி வழியாகப் பத்தில் ஒரு பங்காகவோ முழுமையாகவோ ஒருவருக்கு வலி தருவதைக் குற்றமாகக் கொள்ளும் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. ஆகவே வசுமதிக்கும் ரஹ்மத் நிஷாவுக்கும் நேர்ந்ததைக் காயம் என்று பதிவு செய்யக் குழுவால் இயலவில்லை. தோழியின் முழங்கால் மூட்டும் முகத்தட்டும் சேதமடைந்தது மட்டும் பதிவாயிற்று. தோழி இப்பள்ளியிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ‘அ’ பிரிவுக்கான கோரிக்கை மறுக்கப்பட்டது. பிற பள்ளிகளிலுள்ள தோழிகளைப் பற்றி உத்தரவிடத் தனக்கு அதிகாரம் இல்லை என்று குழு தெரிவித்தது. அவை அங்கங்கே இருந்தன. ரிதன்யாவும் மற்றவர்களும் ஒரு வாரம் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டனர். சாம்பவிக்கும் அதே தண்டனை, குறைப்பின்றி, விதிக்கப்பட்டது. அறிவியல் ஆசிரியையிடம் விளக்கம் கேட்கப்பட்டது. ஒப்பந்தத்தை மீறியதற்காக வசுமதியை நிறுவனம் பணியிலிருந்து நீக்கியது. அது முறையானதே என்று குழு ஏற்றது. செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில், சாம்பவி மீண்டும் தள்ளப்பட்டிருந்த கடைசி பெஞ்சில், அவளுக்கு அடுத்த இருக்கையில் உணவு இடைவேளை முடியும்வரை வசுமதி அமரலாம் என்று, முதல்வரின் எழுத்துப்பூர்வமான ஆட்சேபத்துக்கு இடையே, அனுமதி வழங்கப்பட்டது. பிற்பகல் வேளைக்கு ரஹ்மத் நிஷா விண்ணப்பித்தாள். அவளுக்கும் அனுமதி கிடைத்தது.